எந்தக் குன்றைக் காப்பது, எந்தக் கண்மாயை விடுவது?

மதுரையில் யாரிடமாவது காடு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மேற்கே கை காட்டுவார்கள். வருசநாடு, மேகமலை, வைகை பிறக்கிற மலைகள். சரிதான். ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும் மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல். யானை, புலி, காட்டெருமை, வரையாடு எல்லாம் அங்கேதான்.

கிழக்கே மேலூர்ப் பக்கம் யாரும் கை காட்ட மாட்டார்கள். அங்கே இருப்பது பாறைக் குன்றுகளும் முள்ளுக்காடும் வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கிற கண்மாய்களும். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் காப்பாற்றுவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

நான் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என் பாடம்; கையில் இருப்பதை வைத்துச் சிறந்த முடிவு எது என்று கண்டுபிடிக்கிற கணக்கு அது. லீவு நாட்களில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்மாய்க் கரைகளில் நடப்பேன். இந்த இரண்டும் சந்திக்கிற துறை ஒன்று இருக்கிறது. கையில் இருக்கிற காசுக்கும் நிலத்துக்கும் எந்தெந்த இடங்களைக் காப்பிடமாக எடுத்தால் அதிக உயிரினங்கள் பிழைக்கும் என்று கணக்குப் போடுகிற துறை. நாற்பது வருஷமாக வளர்ந்து வந்திருக்கிறது. அதைப் படிக்கப் படிக்க, கிழக்கே கிடக்கிற இந்தக் குன்றுகளின் மேல் எனக்கு மரியாதை கூடியது. கணக்கை ஒழுங்காகப் போட்டால் அது மேற்கே மட்டும் கை காட்டுவதில்லை.

முதலில் எல்லாருக்கும் தோன்றுகிற வழியைப் பார்ப்போம். ஒவ்வோர் இடத்துக்கும் மதிப்பெண் போடுவது. இங்கே இத்தனை பறவை, இத்தனை செடி, இத்தனை பாலூட்டி, கூட்டி வரிசைப்படுத்து, மேலே இருக்கிற பத்து இடங்களை எடுத்துக்கொள். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் முதல் இடத்துக்கு வந்த மலையிலும் இரண்டாவதாக வந்த மலையிலும் இருப்பது அதே மரங்கள், அதே குருவிகள் என்றால்? இரண்டாவது மலைக்குச் செலவழித்த காசில் புதிதாக ஒரு உயிரினம்கூடப் பாதுகாப்புக்குள் வரவில்லை. எங்கேயோ இருபதாவது இடத்தில், மொத்தமே ஐந்து அரிய செடிகள் உள்ள ஒரு துண்டு நிலம் கவனிப்பாரற்றுக் கிடக்கும். அந்த ஐந்தும் வேறு எங்குமே இல்லாதவையாக இருக்கலாம்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஜேமி கிர்க்பாட்ரிக் என்ற தாவரவியலாளர் இந்தச் சிக்கலைப் பிடித்துக்கொண்டு 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன வழி எளிமையானது. முதல் இடத்தை எடுத்தவுடன் வரிசையைக் கிழித்துப் போட்டுவிடு. அந்த இடத்தில் ஏற்கெனவே பாதுகாக்கப்பட்டவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கு. மிச்சம் இருப்பவற்றை வைத்து எல்லா இடங்களுக்கும் மறுபடி மதிப்புப் போடு. அப்புறம் அடுத்ததை எடு. ஓர் இடம் எவ்வளவு வளமானது என்பதைவிட, ஏற்கெனவே எடுத்தவற்றோடு அது புதிதாக என்ன சேர்க்கிறது என்பதே முக்கியம். இந்தத் துறை முழுக்க இந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். வகுப்பில் நான் போடுகிற சின்னக் கணக்கு இது. எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, கணக்கெடுப்பில் வந்தவை கிடையாது. மூன்று இடங்கள், ஆறு உயிரினங்கள். முதல் இடம் காடும் கண்மாயும் ஒட்டிய ஓர் அடிவாரம்: எறும்புத்தின்னி, தேவாங்கு, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா என நான்கு. இரண்டாவது ஒரு பாறைக் குன்று: எறும்புத்தின்னி, தேவாங்கு, ராசாளிக் கழுகு என மூன்று. மூன்றாவது ஒரு பெரிய கண்மாய்: நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, கூழைக்கடா, இதுவும் மூன்று. ஆறையும் காப்பாற்ற வேண்டும், இடங்கள் குறைவாக இருக்க வேண்டும்.

பார்த்தவுடன் கை அடிவாரத்துக்குத்தான் போகும். நான்கு இருக்கிறதே. கிர்க்பாட்ரிக் வழியிலும் அதுதான் முதலில் வரும். பிறகு ராசாளிக்காகக் குன்று, கூழைக்கடாவுக்காகக் கண்மாய். மொத்தம் மூன்று இடங்கள். ஆனால் அடிவாரத்தைத் தொடாமல் குன்றையும் கண்மாயையும் மட்டும் எடுத்திருந்தால் இரண்டே இடத்தில் ஆறும் வந்திருக்கும். தனியாகப் பார்த்தால் பணக்கார இடம். சேர்த்துப் பார்த்தால் தேவையில்லாத இடம். ராசாளி குன்றில் மட்டும்தான் இருக்கிறது, கூழைக்கடா கண்மாயில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே அந்த இரண்டையும் விட்டுவிட்டு எந்த விடையும் எழுத முடியாது. ஈடு செய்ய முடியாத இடங்கள் என்று இவற்றைத்தான் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் இந்தச் சின்ன அட்டவணையில் ஒளிந்திருக்கிறது. இந்த வருஷம் ஓர் இடத்துக்குத்தான் காசு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறந்த விடை அடிவாரம், சந்தேகமே இல்லை. இரண்டு இடங்களுக்குக் காசு இருந்தால் சிறந்த விடை குன்றும் கண்மாயும். அந்த விடையில் அடிவாரமே இல்லை! ஒரு வருஷத்துக்கான நல்ல முடிவு, இரண்டு வருஷத் திட்டத்தின் முதல் படியாக இருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. வருஷா வருஷம் பட்ஜெட்டைப் பார்த்து, இந்த வருஷத்துக்கு இது போதும் என்று முடிவெடுக்கிற எந்த நிர்வாகமும் இந்தக் குழியில் விழும். மாணவர்கள் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கும் இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

முறையாக எழுதினால் இந்தக் கணக்கின் கணித மாதிரி இப்படி இருக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மாறி. எடுத்தால் 1, விட்டால் 0. ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஒரு நிபந்தனை: அது இருக்கிற இடங்களின் மாறிகளைக் கூட்டினால் குறைந்தது 1 வர வேண்டும். எல்லா நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும். எடுக்கிற இடங்களின் எண்ணிக்கை எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைய வேண்டும். செட் கவரிங் கணக்கு என்று பெயர். எழுதுவதற்கு நான்கு வரிதான். ஆனால் 1972இல் ரிச்சர்ட் கார்ப் என்ற கணிப்பொறி அறிஞர் கணிப்பொறிக்குக் கடினமானவை என்று காட்டிய 21 கணக்குகளில் இதுவும் ஒன்று. முப்பது இடங்கள் இருந்தால் எடுக்கலாமா விடலாமா என்ற சேர்க்கைகள் 107 கோடியைத் தாண்டும். நாற்பது இடங்கள் என்றால் ஒரு லட்சம் கோடிக்கு மேல். மேலூர் தாலுகாவில் உள்ள கண்மாய்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே நாற்பது எந்த மூலைக்கு?

ஆனால் எல்லாச் சேர்க்கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. விடை இருக்க வாய்ப்பே இல்லாத கிளைகளைக் கூண்டோடு வெட்டிவிட்டுத் தேடும் முறைகள் உண்டு. இன்றைய மென்பொருள்கள் ஆயிரக்கணக்கான இடங்கள் உள்ள கணக்கையும் போட்டுவிடும்.

காசுக்கு வரம்பு இருந்து, எல்லா உயிரினங்களையும் எட்ட முடியாது என்றால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: இத்தனை இடங்களுக்குள் அதிகபட்சம் எத்தனை உயிரினங்களைக் கொண்டுவரலாம்? இந்த வடிவத்தை ரிச்சர்ட் சர்ச், சார்லஸ் ரெவெல் என்ற இருவர் 1974இல் உருவாக்கியபோது அவர்கள் மனதில் காடே இல்லை. தீயணைப்பு நிலையம், ஆம்புலன்ஸ் போன்றவற்றை எங்கெங்கே நிறுத்தினால் அதிக மக்களைக் குறித்த நேரத்துக்குள் எட்டலாம் என்பதற்கான கணக்கு அது. நம் ஊர் 108 வண்டிகளை எந்தெந்த முக்கில் நிறுத்தி வைப்பது என்பதும் இதே கேள்விதான். 1996இல் சர்ச் வேறு இருவரோடு சேர்ந்து அதே கணக்கைக் காப்பிடங்களுக்குத் திருப்பினார். வண்டிக்குப் பதில் காப்பிடம், வீடுகளுக்குப் பதில் உயிரினங்கள். கணக்கு ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

இதெல்லாம் காகிதத்தோடு நின்றுவிட்டதா என்றால் இல்லை. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் மீன்பிடிக்கக் கூடாத பகுதி முன்பு ஐந்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. 2004இல் எல்லைகளை மாற்றி வகுத்தபோது அது ஏறக்குறைய 33 சதவீதமானது. கடலை 70 சூழல் மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதம் பாதுகாப்புக்குள் வர வேண்டும் என்று விதித்தார்கள். இயன் பால், ஹியூ போசிங்காம் ஆகியோர் உருவாக்கிய மார்க்ஸான் என்ற மென்பொருள் அந்த வேலைக்குத் துணை நின்றது. இறுதி வரைபடத்தை அந்த மென்பொருளே போட்டுக் கொடுத்துவிடவில்லை. மீனவர்களோடும் சுற்றுலாக்காரர்களோடும் பேசிப் பேசி மாற்றினார்கள். இந்த இடத்தை விட்டால் அதற்கு ஈடாக எந்த இடத்தை எடுக்கலாம் என்ற கேள்விக்குக் கணக்கு உடனுக்குடன் பதில் சொன்னது. அதன் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது.

அந்த ‘ஒவ்வொரு மண்டலத்திலும்’ என்ற நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். உலக நாடுகள் 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடி, 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று ஒப்புக்கொண்டன. நல்ல முடிவு. ஆனால் வெறும் பரப்பளவை மட்டும் நிரப்பினால் போதும் என்று வந்துவிட்டால் எல்லா அரசுகளும் எந்த நிலத்தை எடுத்துக் கொடுக்கும்? உழ முடியாத, கட்ட முடியாத, ஆள் போக முடியாத உயரமான மலைகளை. ஏற்கெனவே அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் காப்பிடங்கள் செங்குத்தான, விவசாயத்துக்கு ஆகாத நிலங்களிலேயே குவிந்து கிடப்பதை பாப் பிரஸ்ஸி என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். நம் தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்துப் பாருங்கள். பச்சை எல்லாம் மேற்கில், மலை மேல். சமவெளியின் முள்ளுக்காடு, புல்வெளி, குன்றடிவாரம், கண்மாய்ப் புறம்போக்கு எல்லாம் அரசாங்கக் கணக்கில் பெரும்பாலும் தரிசு. நாட்டின் தரிசு நில வரைபடத்திலேயே புதர்க்காடு ஒரு வகையாக இடம்பெற்றிருக்கிறது. அந்தப் புதர்க்காட்டில் வாழ்கிறவை மேகமலையின் சோலைக்குள் குடிபெயர்ந்துவிடப் போவதில்லை. மேற்கே எத்தனை சதுர கிலோமீட்டர் சேர்த்தாலும் அவற்றின் நிபந்தனை நிறைவேறாமலே நிற்கும்.

சின்ன இடம் என்று ஒதுக்குகிறவர்களுக்குக் காசம்பட்டியைக் காட்டுவேன். நத்தம் பக்கம், அழகர்மலைக் காப்புக்காட்டை ஒட்டிய ஊர். அங்கே வீரகோயில் கோயில்காடு 4.97 ஹெக்டேர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை அதைப்போல இருபதாயிரம் மடங்கு பெரியது. இருந்தும் 2025 மார்ச்சில் அந்தக் கோயில்காடு தமிழ்நாட்டின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பெரிய காப்பிடம் நல்லதா, பல சின்னக் காப்பிடங்கள் நல்லதா என்று 1970களின் நடுவில் சூழலியலாளர்கள் பெரிய சண்டையே போட்டார்கள். பெரியதுதான் நல்லது என்று ஜாரெட் டயமண்ட் ஒரு பக்கம், அப்படிச் சொல்லிவிட முடியாது என்று டேனியல் சிம்பர்லாஃப் இன்னொரு பக்கம். புலிக்குப் பெரிய காடு வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. செடிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் பல்லிக்கும், வெவ்வேறு மண்ணில் சிதறிக் கிடக்கிற சின்னத் துண்டுகள் ஒரே பெரிய துண்டைவிட அதிகம் தாங்குவது உண்டு. அய்யனாரும் கருப்பசாமியும் காத்து வந்த துண்டுகள் நம் வட்டாரம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் அட்டவணையில் ஒரு இடம்.

செலவு என்ற பக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கவுண்டிகளை (நம் மாவட்டம் போன்றவை) வைத்து 1998இல் ஓர் ஆய்வு வந்தது. இடங்களின் எண்ணிக்கைக்குப் பதிலாக நிலத்துக்கு ஆகும் மொத்த விலையைக் குறைக்கும்படி கணக்கை மாற்றினால், அதே அளவு உயிரினங்களை மிகக் குறைந்த செலவில் காக்கலாம் என்று அது காட்டியது. நம் ஊரிலும் விலை வேறுபாடு கொஞ்சமா நஞ்சமா? ஒத்தக்கடையில் ஹைகோர்ட் கிளை வந்த பிறகு மேலூர் ரோட்டில் ஒரு சென்ட் என்ன விலை போனது என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கண்மாயையும் மேய்ச்சல் புறம்போக்கையும் யாரும் விலை கொடுத்து வாங்கப் போவதில்லை. அங்கே செலவு ரூபாயில் வராது. ஆடு மேய்க்கிறவருக்கு மேய்ச்சல் போகிறதா, கண்மாய் மீன் ஏலம் நிற்கிறதா, விறகு எடுக்க விடுவார்களா என்ற வடிவில்தான் வரும். மாதிரியில் 0, 1 என்று இரண்டே நிலைதான். ஊரில் அப்படி இல்லை. கண்மாய் பாசனத்துக்கும் வேண்டும், வற்றுகிற காலத்தில் ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழாவுக்கும் வேண்டும், நாரைக்கும் வேண்டும். ஒரே இடத்துக்குப் பல பயன்பாட்டு நிலைகளை வைத்துக் கணக்குப் போடும் முறைகள் பின்னால் வந்தன. நம் வட்டாரத்துக்கு அவைதான் பொருந்தும். ஊருக்குள் கம்பி வேலி போட்டுவிட்டு எந்தக் கண்மாயையும் காப்பாற்ற முடியாது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எந்த வேலி அதைச் செய்யும்?

கண்மாய் என்றாலே தண்ணீர்க் கவலையும் கூடவே வரும். வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டால் அந்த வருஷம் பெரிய கண்மாயும் மொட்டைக் களம்தான். அட்டவணையில் கூழைக்கடாவுக்கு நேரே 1 இருக்கும், கண்மாயில் தண்ணீர் இருக்காது. ஆகவே ஒவ்வோர் உயிரினமும் முடிந்தவரை இரண்டு இடங்களிலாவது பாதுகாப்புக்குள் வர வேண்டும் என்று நிபந்தனையை இறுக்குகிறோம். மேலே சொன்ன சின்ன அட்டவணைக்குத் திரும்புங்கள். நிபந்தனையை இப்படி மாற்றியவுடன், தேவையில்லை என்று ஒதுக்கிய அடிவாரம் திரும்ப உள்ளே வந்துவிடும். நாரைக்கும் தேவாங்குக்கும் இரண்டாவது வீடு அதுதானே. நிபந்தனையில் ஓர் எண் மாறினால் எந்த இடம் வேண்டும், எது வேண்டாம் என்பதே தலைகீழாகிறது. இந்தக் கணக்கின் விடையைவிட, என்ன நிபந்தனை வைத்தார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இடங்கள் ஒன்றோடொன்று தொடுகின்றனவா என்பதும் ஒரு நிபந்தனை. தேவாங்கைப் பாருங்கள். கை கால்கள் குச்சி மாதிரி, முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கும். ராத்திரியில் கிளை விட்டுக் கிளை பிடித்து மெதுவாக நகரும். அணில் மாதிரித் தாவாது. கிளையும் கிளையும் கோத்துக்கொண்டிருந்தால் போகும். நடுவில் ரோடு வந்துவிட்டால் தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும், அங்கே வண்டியில் அடிபடும். இருநூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு நல்ல தோப்புகள் இருந்தும் அதற்கு இரண்டும் வேறு வேறு உலகம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரந்திருக்கும் கடவூர்க் காடுகளில் 11,806 ஹெக்டேரை 2022 அக்டோபரில் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்குக்கென்று நாட்டிலேயே முதல் சரணாலயம். மாதிரியில் தொடர்ச்சியை வரவைக்க, தேர்ந்தெடுத்த இடங்களின் மொத்தச் சுற்றளவு நீள நீள அபராதம் விதிப்பார்கள். அப்போது விடை சிதறாமல் திரண்டு வரும். எவ்வளவு அபராதம் என்பதைக் கணக்கு சொல்லாது. தேவாங்கு எவ்வளவு தூரம் போகும் என்று களத்தில் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

அரிட்டாபட்டிக்கு வருகிறேன். இதையெல்லாம் நான் எழுத உட்கார்ந்ததே அந்த ஊருக்காகத்தான்.

மேலூர் தாலுகாவில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் என்ற இரண்டு ஊர்களில் சேர்த்து 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான நிலத்தை 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதல். ஏழு குன்றுகள், 72 கண்மாய்கள், இருநூறு சுனைகள். ஏறக்குறைய 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளி ஆகிய மூன்றும் அதில் அடக்கம். எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு. சமணர் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் அதே குன்றுகளில். மேகமலையோடு ஒப்பிட்டால் பரப்பில் ஒன்றுமே இல்லை. ஆனால் ஏற்கெனவே பாதுகாக்கப்பட்டவற்றோடு இது என்ன சேர்க்கிறது என்று கேளுங்கள். சமவெளிப் பாறைக்குன்று, அதன் அடியில் கண்மாய்த் தொடர், இரண்டுக்கும் நடுவே முள்ளுக்காடு. எனக்குத் தெரிந்த வரை, இந்தச் சேர்க்கை அதுவரை எந்தக் காப்பிடப் பட்டியலிலும் சரியாக இடம்பெறவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலத்தில் வென்ற நிறுவனத்தை மத்திய அரசு அறிவித்தது. 2,015.51 ஹெக்டேர் கொண்ட அந்தப் பகுதிக்குள் பாரம்பரியத் தலமும் அடங்கியிருந்தது. மேலூர் வட்டாரம் எழுந்து நின்றது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. அந்த மாதக் கடைசியில், பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையைத் திருத்த முடியுமா என்று மறுபடி ஆராயச் சொன்னது மத்திய அரசு. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மக்கள் மதுரைக்குப் புறப்பட்டு வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

நடுவில் வந்த அந்த எல்லைத் திருத்த யோசனை என்னைத் தூங்கவிடவில்லை. 193 ஹெக்டேரை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டுச் சுற்றிலும் தோண்டலாம் என்றால் வரைபடத்தில் எல்லாம் சரியாகவே தெரியும். பட்டியலில் இருக்கிற உயிரினங்கள் எல்லாம் கோட்டுக்கு உள்ளே, சுரங்கம் கோட்டுக்கு வெளியே. ஆனால் ராசாளி கூடு கட்டுவது பாறையில் என்றாலும் இரை தேடுவது சுற்றியிருக்கிற வயலிலும் புதரிலும். கண்மாய்க்குத் தண்ணீர் வருவது கோட்டுக்கு வெளியே இருந்து வரும் வரத்துக் கால்களில். இடத்தை எடு அல்லது விடு என்று எழுதும் முன், இடம் என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யார் வரைந்தார்கள் என்பதைக் கேட்டாக வேண்டும்.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. அந்தச் சண்டையில் அரிட்டாபட்டியின் பெயர் எல்லார் வாயிலும் வந்ததற்கு ஒரு காரணம், அதற்கு ஒரு பட்டியல் இருந்தது. 250 பறவை என்று சொல்ல முடிந்தது. பல வருஷம் ஆட்கள் நடந்து, பார்த்து, எழுதி வைத்த பட்டியல். அதே சுரங்கப் பகுதிக்குள் வந்த கிடாரிப்பட்டி, கல்லம்பட்டி, நரசிங்கம்பட்டி, வல்லாளப்பட்டிக்கும் குன்றும் கண்மாயும் இருக்கின்றன. அறிவிக்கப்பட்ட பட்டியல் இல்லை. அட்டவணையில் அந்த ஊர்களுக்கு நேரே வரிசையாகப் பூஜ்யம். பூஜ்யத்துக்கு மாதிரி எந்த மதிப்பும் கொடுக்காது.

அந்தப் பூஜ்யம் என்ன சொல்கிறது? போய்ப் பார்த்தோம், இல்லை என்பதும் பூஜ்யம்தான். யாரும் போகவே இல்லை என்பதும் பூஜ்யம்தான். கணக்கைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்று. மதுரைப் பறவை ஆர்வலர்கள் சாமநத்தம் கண்மாய்க்கும் வண்டியூருக்கும் கீழக்குயில்குடிக்கும் போகிறோம். பைக்கில் போய்விட்டு டிபன் நேரத்துக்குத் திரும்பிவிடலாம். அதனால் அங்கே பட்டியல் நீள்கிறது. உள்ளே பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கண்மாய் வெறுமையாக நிற்கிறது. போனாலும் ஒரு தடவை போதாது. ஒரு பறவை அங்கே இருக்கும்போது ஒரு நடையில் அது கண்ணில் படுவதற்குப் பத்தில் மூன்று வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நடை போயும் பார்க்காமல் வருவதற்கு 34 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. எட்டு நடை போன பிறகுதான் அது ஆறு சதவீதத்துக்கு இறங்கும். ஒரு காலைப் பொழுதில் போய் வந்து, அந்தக் குன்றில் ஒன்றும் இல்லை என்று எழுதுவதற்கு யாருக்கும் உரிமை கிடையாது.

எறும்புத்தின்னியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நேரில் பார்ப்பது அபூர்வம். இருக்கிறது என்பதற்கு அடையாளம் கரையான் புற்றில்தான். புற்றின் பக்கவாட்டில் ஒரு கை நுழைகிற அளவு பிளந்து, விளிம்பில் நகம் கீறிய தடம் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். உடைந்த மண் ஈரமாக, கரையான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் நேற்று ராத்திரி வந்திருக்கிறது. தேவாங்குக்கு இருட்டில்தான் போக வேண்டும். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டி மரத்தின் மேல் அடித்தால் இரண்டு கண்கள் கங்கு மாதிரி மின்னும். பக்கத்துப் பக்கத்தில், முன்னோக்கி, அசையாமல். ஒரு கண்மாய்க் கரையில் நாங்கள் இப்படி டார்ச்சை அடித்துக்கொண்டு நின்றபோது, வயலுக்குத் தண்ணீர் திருப்ப வந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்தப் பக்கம் இருக்காது சார். கம்மாய் மேல்கரையில ஒடைமரம் நிக்கிது பாருங்க, அங்கன போங்க. வேலியோரமா வரும்.” அவர் சொன்ன மரத்தில்தான் இருந்தது. அவருக்கு இது காலங்காலமாகத் தெரியும். எங்கள் அட்டவணையில் அதுவரை அந்தக் கண்மாய்க்கு நேரே பூஜ்யம்.

இப்போது என் மாணவர்கள் போடுகிற அட்டவணையில் 0, 1 என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு குறி இருக்கிறது. பார்த்தோம் என்றால் 1. பல நடை போயும் பார்க்கவில்லை என்றால் 0. போகவில்லை என்றால் கட்டம் காலி. காலிக் கட்டங்களுக்கு அதே வகை இடங்களில் அந்த உயிரினம் இருக்கிற வாய்ப்பை வைத்து ஒரு மதிப்புப் போட்டுக் கணக்கை ஓட்டலாம். எதிர்பார்ப்பு மதிப்பை, அதாவது சராசரியாக எத்தனை உயிரினங்கள் பாதுகாப்புக்குள் வரும் என்பதை, அதிகமாக்கும் மாதிரிகள் இதற்கென்றே உண்டு. எந்தக் கட்டத்தை நிரப்பினால் விடை மாறும் என்றும் அதே கணக்கைக் கேட்கலாம். அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போவது என்பதை அப்படித்தான் முடிவு செய்கிறோம். வரைபடத்தில் காலிக் கட்டங்களுக்கு வண்ணம் அடித்துப் பார்த்தால் மேலூருக்குக் கிழக்கேயும் நத்தம் போகிற வழியிலும்தான் அதிகம் கிடக்கின்றன.

பொங்கல் சமயத்தில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் பார்த்த பறவைகளைப் பதிவு செய்கிற இ-பேர்டு செயலியைப் போனில் போட்டுக்கொண்டு, ஊர்க் கண்மாய்க் கரையில் கால் மணி நேரம் நின்றால் போதும். எறும்புத்தின்னிப் புற்றும் தேவாங்கும் அதில் வராது; அதற்குத் தனி நோட்டு வேண்டும், ராத்திரி தண்ணீர் பாய்ச்சுகிறவரிடமும் ஆட்டுக்கிடை போடுகிறவரிடமும் கேட்டு எழுத வேண்டும். அவர்களைக் கேட்காமலும், வனத்துறையினரையோ விவரம் தெரிந்தவரையோ கூட்டிக்கொள்ளாமலும் ராத்திரியில் தனியாகப் போக வேண்டாம். தேவாங்கு இருக்கிற மரத்தின் சரியான இடத்தைப் பொதுவில் போடவும் வேண்டாம். பிடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்த ஊர், எந்தக் கண்மாய், தேதி, நேரம், எவ்வளவு நேரம் நின்றீர்கள், எத்தனை பேர். ஒன்றுமே தென்படாமல் திரும்பிய நாளுக்கும் இதே விவரங்களை எழுதுங்கள்.